எல்லாவற்றுக்கும் இண்டெக்ஸ் வேண்டாம்
பயனர் விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரி சர்வரான ஓப்பன்எல்டாப்பில் (OpenLDAP) லாகின் மெதுவானால் எல்லா ஆட்ரிபியூட்டுக்கும் (பயனரைப் பற்றிய ஒவ்வொரு விவரத்துக்கும்) இண்டெக்ஸ், அதாவது தேடலை வேகமாக்கும் அட்டவணை, போடச் சொல்லியிருக்கிறார் மேலே ஒரு அண்ணன். பாதி சரி. தேடலில் அடிக்கடி வரும் யுஐடி (லாகின் பெயர்), மெயில் போன்றவற்றுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் யாரும் தேடாத ஆட்ரிபியூட்டுக்குப் போட்டால் தேடல் துளியும் வேகமாகாது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அந்த இண்டெக்ஸையும் திருத்த வேண்டியிருப்பதால் எழுதும் வேலைதான் இழுக்கும். கடலூரில் நான் வேலை பார்த்த இடத்தில் நானே அப்படிப் போட்டு, ராத்திரி ஆரம்பித்த எச்ஆர் சிங்க் (ஊழியர் விவரங்களை சர்வரில் புதுப்பிக்கும் வேலை) விடிந்த பிறகும் ஓடியதைப் பார்த்தவன்.

நீங்களே சரிபார்க்கலாம். ஓப்பன்எல்டாப்பின் சர்வர் புரோகிராமான ஸ்லாப்டியின் (slapd) லாக்கில் 'நாட் இண்டெக்ஸ்ட்' (not indexed) என்ற வரிகளைத் தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஆட்ரிபியூட் பெயர் இருக்கும். திரும்பத் திரும்ப வருகிற பெயருக்கு மட்டும் இண்டெக்ஸ் போடுங்கள். எப்போதாவது ஒருமுறை வந்தால் அப்படியே விட்டுவிடலாம்.