பச்சையெல்லாம் புல் இல்லை
மேய்ச்சலுக்குச் செய்மதிப் படங்களையும் மென்பொருட்களையும் பயன்படுத்துவது பற்றிய இந்தக் கட்டுரை, படத்தில் பச்சையாகத் தெரியும் பக்கம் மாட்டைச் சாய்த்தால் போதும் என்கிறது. வன்னியில் அது அவ்வளவு இலேசில்லை. பார்த்தீனியக் களையும் படத்தில் பச்சைதான், மாடு வாய் வைக்காது. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செய்மதியின் படத்தில் ஒரு புள்ளியே தரையில் 10 மீற்றர் அகலம். குளத்து அலைகரையில் ஒடுங்கலாகக் கிடக்கும் புல்லை அதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். பெரும்போகத்தில், வயலெல்லாம் விதைத்துவிட, பட்டியை எங்கே கொண்டுபோவது என்று அந்தரப்படும் மாதங்களில்தான் வானம் முழுக்க முகில், படத்தில் தரையே தெரியாது. மற்றது, அந்த மென்பொருட்கள் வேலியடைத்த பண்ணைகளை நினைத்துச் செய்தவை. எங்கள் மாடுகள் ஊர்ப்பொதுத் தரையில் மேய்பவை. ஆனாலும் இந்தத் தொழில்நுட்பத்தால் 'பிரயோசனமே இல்லை' என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். மேய்ச்சல் தரையின் எல்லையை ஜிபிஎஸ்ஸோடு நடந்து பதிந்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கீறி வைத்தால், அடாத்தாகப் பிடிக்க வருபவர்களுக்கு எதிராகப் பிரதேச செயலகத்தில் அதை விரித்துக் காட்டிக் கதைக்கலாமே.