ஹவுஸ் இசை லண்டனில் பிறந்ததல்ல

மண்டபம் பீச் மேடை பற்றிய பேச்சில், "ஹவுஸ் மியூசிக் 1988-ல் லண்டனில் கம்ப்யூட்டரில் உருவானது, டிஜே பட்டன் அமுக்குறவர்தான்" என்று எழுதியிருக்கீங்க தம்பி. ஹவுஸ் என்பது டிஸ்கோவிலிருந்து வளர்ந்த கிளப் ஆட்ட இசை. இரண்டுமே தப்பு. 1988 என்பது பிரிட்டனில் அது கொடிகட்டிப் பறந்த வருஷம். பிறந்தது சிகாகோவில். 1977 முதல் அங்கே வேர்ஹவுஸ் கிளப்பில் இசை போட்டவர் கறுப்பின டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ். ஹவுஸ் தாளத்துக்குப் பேர்போன ரோலண்ட் 909 டிரம் மெஷின், அதாவது டிரம்ஸ் சத்தத்தைத் தானே வாசிக்கும் கருவி, வந்ததே 1983-ல்தான்.

அதுவரை ஆயுதம் பிளேடும் டேப்பும். டிஸ்கோ பாட்டில் ஆட்டத்துக்கு ஏற்ற பகுதி சில நொடிதான் வரும். அதை டேப்பில் பலமுறை பதிந்து, வெட்டி ஒட்டி நீட்டுவார்கள். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில், நிமிடத்துக்கு 120 தாள அடி (பீட்) உள்ள பாட்டின் ஒரு பீட் ஏழரை அங்குல நீளம். வெட்டு அரை அங்குலம் தள்ளிப்போனாலே தாளம் தடுக்கும், ஆடுறவன் கால் உடனே காட்டிக்கொடுக்கும். இதைப் பட்டன் வேலை என்று சொல்வது அநியாயம்.

ரெக்கார்டில் இன்னும் சிரமம். ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாளம் அறுபடாமல் போக (அதுதான் மிக்ஸ்), இரண்டு ரெக்கார்டின் வேகத்தையும் ஒன்றாக்கணும். டிஜேக்கள் வைத்திருந்த டெக்னிக்ஸ் 1200 எம்கே2 ரெக்கார்ட் பிளேயரில் வேகத்தை 8 சதவீதம்தான் ஏற்றி இறக்கலாம். 6 சதவீதம் ஏற்றினால் சுருதியும் அரை ஸ்வரம் ஏறி, குரல் கீச்சென்று ஆகிவிடும். மனுஷன் வாசித்த டிரம்ஸ் சீராகவும் ஓடாது; மிக்ஸ் முடியும்வரை விரலால் ரெக்கார்டை நெருடிக்கொண்டே இருக்கணும்.

பீச் மேடையில் ரெக்கார்ட் போடுவதாக இருந்தால், பாஸ் ஸ்பீக்கர் பாக்ஸ் நிற்கும் பலகையில் பிளேயரை வைக்காதீங்க. அதிர்வு ஊசி வழியா திரும்பி ஊளையிடும். தனி மேசை போட்டு, மேலே கடப்பா கல் வைத்து, அதன்மேல் வையுங்க.