ஒப்புவித்தல்

சென்ற மாதம் எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் இயேசுவின் சீடராக வாழக் கற்றுக்கொடுக்கும் பன்னிரண்டு வாரச் சீஷத்துவப் பயிற்சி நடந்து முடிந்தது. புரொஜெக்டர், வழவழப்பான தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பும் புத்தகம், கடைசி நாளில் சான்றிதழ், பிரியாணி. எங்கள் தெருப் பெண் ஒருத்தி சான்றிதழைக் காட்ட வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், கெட்டிக்காரி. "இத்தனை வாரத்தில் உன்னிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?" என்றேன். யோசித்துவிட்டு, "பெயரும் செல்பேசி எண்ணும் கேட்டார்கள், மாமா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

என் தாத்தா பொறையாறு பக்கத்தில் சபைப் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் உபதேசியாராக இருந்தவர். மாலையில் அரிக்கேன் விளக்கை ஏற்றித் திண்ணையில் வைத்துவிட்டு, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு உட்காருவார். கேள்வி பதிலாக அமைந்த கிறிஸ்தவப் பாடமான ஞானோபதேசத்தை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுந்து நின்று ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவித்து முடித்ததும் வரும், "இதற்கு அர்த்தம் என்ன?" 1529-இல் ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில் திரும்பத் திரும்ப எழுதிவைத்த கேள்விதான் அது. ஆனால் அச்சிட்ட பதிலை ஒப்பித்தால் தாத்தா விடமாட்டார்.

ஒருநாள் ஒரு பையன் இயேசு கற்பித்த ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் மாட்டிக்கொண்டான். கடன் என்றால் என்ன என்று கேட்டார். "மளிகைக் கடை நோட்டில் அம்மா பேரில் இருப்பது" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். தாத்தா சிரிக்கவில்லை.

"கடைக்காரர் வாசலில் வந்து நின்றால் அம்மா என்ன செய்யும்?"

"அடுக்களைக்குள் போய்விடும்."

"ஆதாமும் அப்படித்தான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றான்" என்றார். அந்த வாரம் முழுக்கப் பாடம் அந்த வரியைத் தாண்டவில்லை. மறுநாள் அவர் அந்த மளிகைக் கடைப் பக்கம் போனதாகப் பாட்டி பின்னாளில் சொன்னார். எதற்குப் போனார் என்பதைச் சொல்லவில்லை.

அதே ஜெபத்தில் வரும் அன்றாட அப்பம் என்பதற்கு லூத்தர் கொடுக்கும் விளக்கத்தில் சோறு துணியோடு வீடு, நிலம், ஆடுமாடு, நல்ல அரசாட்சி, நல்ல பருவம், நல்ல அயலார் எல்லாம் வரும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்க்கிற ஊரில் இதற்கு உரை தேவையா? 'நல்ல அயலார்' என்று வரும்போது "கர்நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பார் தாத்தா.

ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715-இல் அச்சிட்டு முடித்ததைத்தான் விழா மேடைகளில் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். மணலில் அடுத்ததை எழுத வேண்டுமென்றால் எழுதியதைக் கலைத்துத்தான் ஆக வேண்டும். அதற்குள் அது மனத்தில் ஏறியிருக்க வேண்டும். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கராக உட்கார்ந்தார். நம் பயிற்சியாளர்களில் எத்தனை பேர் தரையில் உட்காருவார்கள்? (மூட்டு வலிக்காரர்களை விட்டுவிடலாம்.) நன்னூலில் பவணந்தியார் மாணாக்கன் கடமையாகச் சொல்வதும் கேட்டதை நினைத்துப் பார்ப்பது, வினாவுவது, வினாவியவற்றுக்கு விடை சொல்வது ஆகியவற்றைத்தான். கோடிட்ட இடத்தை நிரப்புவது அதில் இல்லை.

பழைய முறை என்றவுடன் பிரம்பையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தாத்தாவின் பிரம்பு என் தொடையிலும் பட்டிருக்கிறது. அந்த அடியால் ஒரு கட்டளையும் கூடுதலாக என் மனத்தில் ஏறவில்லை. திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார முடிந்ததா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடித்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் வேதம் கற்றார்கள். அதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி வழக்கம் தொடர வேண்டும் என்று வாதாடியவர். கீர்த்தனையை வைத்துக்கொள்வோம், அந்த வாதத்தை விட்டுவிடுவோம்.

நான் திரும்பக் கேட்பது ஒப்புவித்தலை மட்டும். பாடத்தைச் சொல்வதும் ஒப்புவித்தல், ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுப்பதும் ஒப்புவித்தல். கொரிந்தியருக்கு இராப்போஜனத்தைப் பற்றி எழுதும்போது, தான் பெற்றுக்கொண்டதை ஒப்புவித்ததாகத்தான் பவுல் சொல்கிறார். வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் இருந்தால்தான் அது நடக்கும். திரைக்கு எதிரே நின்று யாரும் ஒப்புவிக்க முடியாது.

ஒரு மாதமாகச் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு வாசலில் ஐந்து பிள்ளைகள் உட்காருகிறார்கள். பத்துக் கட்டளைகளில் இன்னும் முதல் கட்டளையில்தான் இருக்கிறோம். "எப்போது முடியும், சான்றிதழ் உண்டா?" என்று ஒரு தாய் கேட்டுவிட்டார். போன வாரம், 'வேறே தேவர்கள்' என்றால் யார் என்று கேட்டேன். பையன்கள் செல்பேசி என்றார்கள். எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே சொன்ன பதில் அது. கடைசியாக உட்கார்ந்திருந்த சிறுமி, "எங்கள் அப்பாவுக்கு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற போர்செட்" என்றாள்.

அவளுடைய அப்பா அவளை அழைத்துப்போக வந்து, பைக்கை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றிருந்தார். நான் இரண்டாம் கட்டளைக்குப் போகவில்லை. "ஏறி வந்து உட்காருங்கள்" என்றேன்.