"கொக்குதானே" என்கிறவர்களுக்கு

கண்மாய்க் கரையில் கொக்கு பிடிக்க வலையோடு வந்தவர்களை நம் பையன்கள் மடக்கிய வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதன் கீழே வந்த பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. "கொக்குதானே, இதுக்கு இவ்வளவு சீன் போடணுமா?" "வேலைவெட்டி இல்லாத பசங்க."

பறவையைக் காப்பாற்றியது என்றைக்கும் ஊர்க்காரர்கள்தான். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டவர்கள் யார்? எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த விவசாயிகள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்குக் கவுலாக, அதாவது உறுதிப் பத்திரமாக, எழுதிக் கொடுத்தார். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1972இல். பறவைகள் வந்து தங்கும் கூந்தன்குளத்திலும் கொள்ளுக்குடிப்பட்டியிலும் அவை மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது ஊர் தானாக எடுத்த முடிவு. "இது வனத்துறை வேலை, உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்பவர்களே, ராத்திரி இரண்டு மணிக்கு வலை விரிக்கிறவனை முதலில் பார்ப்பது யார்? ஊர்க்காரன்தானே!

சில வருஷம் முன்பு எங்கள் வரப்பில் ஒரு கொக்கு கிடந்தது. காலில் கயிறு. இமை இரண்டையும் நூலால் தைத்திருந்தார்கள். அதைப் பார்த்து மற்ற கொக்குகள் நம்பி இறங்க வேண்டுமாம். நகவெட்டியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தோம். கையில் அது நடுங்கியது இன்னும் மறக்கவில்லை. கறி இல்லாமல் சோறு இறங்காத என் சித்தப்பா அன்று சாப்பிடவே இல்லை.

"நீ கோழி தின்பதில்லையா?" தின்கிறேன். அது வளர்த்த கோழி. கூட்டில் குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருக்க, இரை தேடப் போன தாயைக் கண்ணி வைத்துப் பிடித்ததல்ல.

"ஏழை வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்கிறார்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் தயங்குகிறேன். வேறு பிழைப்பு இல்லாதவருக்கு வழி காட்டத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் காரில் வந்தார்கள். மூட்டை மூட்டையாகப் பிடித்து விற்பதைப் பசி என்று சொல்லாதீர்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் என் அக்கா மகன். கமெண்டையெல்லாம் படித்துவிட்டு, "மாமா, இனிமே நான் போகல" என்கிறான். அவனைத் தேடி யாரோ தெருவில் விசாரித்துவிட்டுப் போனதிலிருந்து அக்கா தூங்கவில்லை. ஊருக்காக நின்ற பிள்ளைக்கு ஊர் கொடுத்த மரியாதை இது.

இன்று ராத்திரி கரைக்கு நான் போகிறேன். முடிந்தவர்கள் டார்ச்சோடு வாருங்கள். வர முடியாதவர்கள் அவனைப் பற்றி எழுதியதையாவது எடுத்துவிடுங்கள்.