குலுக்கிய குடுவையும் அசையாத தட்டும்

குடுவையில் வளர்த்த பாக்டீரியாக்களை வைத்து மண்ணில் வாழ்பவற்றையும் விளக்க முயலும் ஒரு கட்டுரை, போட்டி கடுமையாகும்போது வலிமையான ஓரினமே எஞ்சும் என்கிறது. பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். 2002-இல் பெஞ்சமின் கெர், மார்கரெட் ரைலி உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. அவர்கள் ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் மூன்று வகைகளை மோதவிட்டார்கள்: கோலிசின் என்னும் நஞ்சை உண்டாக்குவது, அந்நஞ்சுக்கு இரையாவது, அதைத் தாங்கி நிற்பது. முதல் வகை இரண்டாவதைக் கொல்கிறது. நஞ்சு தயாரிக்கும் சுமை இல்லாத மூன்றாவது வகை முதலாவதைவிட வேகமாகப் பெருகுகிறது. (நஞ்சை வெளியேற்றும் செல் தானே வெடித்துச் சாகிறது என்பதால் அந்தச் சுமை சிறியதன்று.) இரண்டாவது வகையோ மூன்றாவதை முந்திவிடுகிறது, ஏனெனில் கோலிசின் பற்றிக்கொள்ளும், செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் வைட்டமின் பி12 போன்ற சத்துகளை உள்ளிழுக்கவும் பயன்படுபவை, அவற்றை மாற்றியோ இழந்தோ பெறும் எதிர்ப்பாற்றல் வளர்ச்சி வேகத்தைக் குறைக்கக்கூடும். கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டைப் போல எவருக்கும் இறுதி வெற்றி இல்லை.

ஆயினும் இச்சுழற்சி மட்டும் பன்மையைக் காப்பதில்லை என்பதே ஆய்வின் முக்கியமான முடிவு. பாக்டீரியா வளர்க்கும் கூழான அகார் பரப்பிய அசையாத தட்டில் மூன்று வகைகளும் பக்கத்துப் பக்கத்துத் திட்டுகளாக நிலைத்திருந்தன. குலுக்கிய குடுவையிலோ எல்லாம் எல்லாவற்றோடும் கலந்ததால், முதலில் இரையாகும் வகையும் பின்னர் நஞ்சுடைய வகையும் மறைந்து, தாங்கும் வகை மட்டுமே மிஞ்சியது. ஆகவே குடுவை வளர்ப்பில் கண்டதை வைத்து, பாக்டீரியாக்கள் திட்டுத்திட்டாக வாழும் மண்துகள்களைப் பற்றியும் கட்டுரை முடிவு கூறியிருப்பது பொருந்தவில்லை.