அந்த 15 சதவீதம் யாருடைய கணக்கு?

'புது விமான எஞ்சின் 15 சதவீதம் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது' என்ற நேற்றைய விவாதத்தில் என்னைப் 'பழைய பஞ்சாங்கம்' என்று சொன்னதிலிருந்து மனசே ஆறவில்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். புது எஞ்சின் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. விளம்பரத்தாளில் உள்ள சதவீதத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்றுதான் சொன்னேன்.

2010 டிசம்பரில் புது எஞ்சின் பொருத்திய ஏ320நியோ விமானத்தை அறிவித்தபோது ஏர்பஸ் சொன்னது 15 சதவீதம் வரை. அதில் இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும் ஷார்க்லெட்டின் பங்கும் சேர்த்தி. மொத்தத்தையும் எஞ்சின் கணக்கில் எழுதியவருக்குக் கைதட்டல், அதைச் சொன்ன எனக்குப் பட்டப்பெயர்.

அந்த விமானத்துக்கு வரும் எஞ்சின்களில் ஒன்றான பிராட் அண்ட் விட்னியின் கியர் எஞ்சின் எனக்குப் பிடிக்காது என்று யார் சொன்னது? முன்னால் உள்ள விசிறி பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்ற வேண்டும், பின்னால் இருந்து அதைச் சுழற்றும் டர்பைன் வேகமாகச் சுற்ற வேண்டும். நடுவில் கியர்பெட்டி வைத்து, டர்பைன் மூன்று சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று என்று ஆக்கினார்கள். அழகான வேலை.

ஆனால் 2016இல் வந்த அந்த ஆரம்ப எஞ்சின்களை ஸ்டார்ட் செய்யும்போது முன்சக்கரத்தின் பக்கத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நின்றவன் நான். பறந்து வந்து நின்றதும் உள்ளே சுழலும் பாகமான ரோட்டரின் கீழ்ப்பக்கம் முதலில் ஆறும், மேல்பக்கம் சூடாகவே இருக்கும். தண்டு மயிரிழை வளைந்துவிடும். அது நேராகும்வரை பற்றவைக்காமல் வெறுமனே சுற்றவிட்டு நிமிடக்கணக்கில் காத்திருப்போம். அத்தனை நேரமும் வாலில் இருக்கும் சின்ன எஞ்சின் எரிபொருள் குடித்துக்கொண்டிருக்கும்.

"இதெல்லாம் ஒரு கணக்கா?" என்பீர்கள். சின்னக் கணக்குதான். அப்புறம் 2023இல் நடந்தது? இதே எஞ்சினுக்குள் சுற்றும் வட்டத்தகடுகளை (டிஸ்க்) செய்த உலோகப் பொடியில் குறை என்று எஞ்சின்களைக் கழற்றச் சொன்னார்கள். 2024 தொடக்கத்தில் இண்டிகோவில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. நிலைமையைச் சமாளிக்கப் பழைய எஞ்சின் ஏ320களின் குத்தகையை நீட்டித்தார்கள். அப்படிப் பறந்த ஒவ்வொரு நாளும் மிச்சமான எரிபொருள் எவ்வளவு? இதைத்தான் நேற்றும் கேட்டேன்.

புதுசு எதுவும் முதலில் தடுமாறும் என்கிறார் ஒரு தம்பி. தடுமாறட்டும், அதையும் கணக்கில் எழுது என்கிறேன். இதைச் சொன்னால் வளர்ச்சிக்கு எதிரியா? இருபது வருஷம் கையில் கிரீஸோடு இரவு ஷிஃப்ட் பார்த்தவனுக்கு எஞ்சின்மேல் அக்கறை இல்லை என்று, அதைத் தொட்டே பார்க்காதவர் சொல்கிறார்.

அடுத்து உறையே இல்லாத விசிறியோடு சி.எஃப்.எம் நிறுவனத்தின் ரைஸ் என்ற எஞ்சின் திட்டம், 20 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். வரட்டும், முதல் ஆளாகப் பார்க்கப் போவேன். இறக்கையிலிருந்து கழற்றாமல் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அங்கேயும் கேட்பேன்.