அந்த ஓரிரு இடம் எது என்று சொல்லித் தொலையுங்கள்

இன்று மதியம் வந்த ஒரு வார வானிலை அறிக்கையை நான்கு முறை படித்துவிட்டேன். டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். அவ்வளவுதான். போன வாரமும் இதே வரி, அதற்கு முந்தின வாரமும் இதே வரி. இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும்? யாராவது சொல்லுங்கள்.

மன்னார்குடிக்குத் தெற்கே பத்து மா உளுந்து போட்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். தை மாதத்தில், நெல் அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து விதையைத் தெளித்துவிடுவோம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். ஜனவரி 28-ல் மேட்டூர் அணையை மூடிவிட்டால் அப்புறம் வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் விடியற்காலைப் பனியையும் குடித்தே அந்தச் செடி வளர்கிறது. (அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கிவிட்டுப் போவது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) ஆடுதுறை 3 ரகம் என்றால் 70, 75 நாளில் காய் முற்றிக் காய்ந்து நெத்தாகிவிடும். கணக்குப் போட்டால் சரியாகப் பங்குனி. கோடை மழை எட்டிப் பார்க்கிற அதே நேரம்.

நெத்து முற்றியபின் செடியை விட்டுவைக்க முடியாது. வெயிலில் வெடித்து மணி மண்ணில் சிதறிவிடும். பிடுங்கிப் போட்டாலோ இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். காய்ந்தால்தான் டிராக்டர் ஓட்டி அடிக்க முடியும். ஆகப் பிடுங்காவிட்டால் வெயிலுக்கு நட்டம், பிடுங்கிவிட்டால் மழைக்கு நட்டம். நடுவில் எங்களுக்கு வேண்டியதெல்லாம் மூன்று நாளைப் பற்றிய ஒரு நம்பகமான சொல்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆறு மா பிடுங்கினோம். ஓரிரு இடம் என்றுதானே போட்டிருக்கிறார்கள், நமக்கு இருக்காது என்று நினைத்தேன். புதன்கிழமை வெயில் கொளுத்தியது. வியாழன் காலையில் செடியைப் புரட்டிப் போட்டோம். வெள்ளிக்கிழமை அடிக்க டிராக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. வியாழன் சாயங்காலம் நாலரை மணிக்குத் தெற்கே கருத்தது. காற்று மாறியது. முதல் தூறல் முகத்தில் விழுந்த பிறகுதான் கைப்பேசியில் செய்தி வருகிறது: அடுத்த மூன்று மணி நேரத்தில் திருவாரூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இடி மின்னலுடன் மழைக்கு வாய்ப்பு. அதற்குள் நானும் அம்மாவும் சித்தப்பாவும் களத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு ஏக்கர் செடிக்கு இரண்டு படுதா. மூடியது பாதி, நனைந்தது பாதி. முக்கால் மணி நேரம் அடித்தது. வெள்ளியும் சனியும் மேகமூட்டம்.

ஞாயிற்றுக்கிழமை குவியலைப் பிரித்தால் உள்ளே சூடு. நெத்தை உடைத்தால் மணியில் வெள்ளையாக முளை. அம்மா கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மாட்டுக்குத்தான்டா ஆகும்" என்றார். தேறியதை வியாபாரியிடம் காட்டினால், "நிறம் போச்சு தம்பி" என்று பாதி விலைக்குக் கேட்கிறார். பிடுங்கிய பெண்களுக்குக் கூலி கொடுத்தாயிற்று. அது அவர்கள் உழைப்பு, அதில் ஒரு ரூபாய் குறைக்க முடியாது. மிச்சம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்தச் சொற்களுக்கு என்னதான் அர்த்தம் என்று தேடிப் பார்த்தேன். பார்த்தபிறகு கோபம் இரண்டு மடங்கானது. வானிலைத் துறையின் அளவுப்படி லேசான மழை என்றால் ஒரு நாளில் 2.5 மி.மீ. முதல் 15.5 மி.மீ. வரை. மிதமான மழை என்றால் 15.6 முதல் 64.4 வரை. ஆக லேசானது முதல் மிதமானது என்று ஒரே மூச்சில் சொன்னால், இரண்டரை மில்லிமீட்டரும் அதற்குள்ளேதான், அறுபத்து நான்கு மில்லிமீட்டரும் அதற்குள்ளேதான். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். மூன்று மில்லிமீட்டர் என்றால் 12,000 லிட்டர், மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். அறுபது மில்லிமீட்டர் என்றால் 2,40,000 லிட்டர். என் உளுந்துக்கு முதலாவது ஒரு தும்மல், இரண்டாவது சாவு. இரண்டுக்கும் ஒரே வாக்கியமா?

கனமழை என்ற சொல்லே 64.5 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. களத்தில் காயும் உளுந்தை முடிக்க 30 மி.மீ. தாராளம். அதற்குக் கனமழை எச்சரிக்கை என்று எதுவும் வராது. வெள்ளம் வருமா, சாலை மூழ்குமா, பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று கேட்பவர்களுக்குத்தான் அந்த அளவுகோல் பொருந்தும். பங்குனியில் களத்தில் நிற்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஓரிரு இடங்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நூறு மழைமானி நிலையங்கள் இருந்தால் இருபத்தைந்து வரை மழை பதிவாகலாம் என்று பொருள். தமிழில் ஓரிரு என்றால் ஒன்று இரண்டு. நாலில் ஒரு பங்கு வரை போகும் என்று எந்த விவசாயிக்குத் தெரியும்? எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் நான் பிடுங்கியிருக்க மாட்டேன்.

மாவட்டத்தின் பெயரை மட்டும் சொல்வதும் போதாது. குடவாசலும் திருவாரூர் மாவட்டம், முத்துப்பேட்டையும் திருவாரூர் மாவட்டம். அங்கே கொட்டினால் இங்கே புழுதிகூட அடங்காது. கோடை மழையை ஒரு வாரம் முன்னால் ஊர் ஊராகச் சொல்ல முடியாது என்பது எனக்கும் புரிகிறது. வெயிலில் சூடான காற்று மேலே எழும்பி, கடல் காற்று உள்ளே வந்து முட்டி, சில மணி நேரத்தில் மேகம் கட்டும். அறிவியலிடம் மந்திரம் கேட்கவில்லை. நாற்பது சதவீத வாய்ப்பா, எழுபது சதவீத வாய்ப்பா என்று எண்ணாகச் சொல்லுங்கள். எந்த ஊராட்சி ஒன்றியத்தில் அதிகம், எந்த நாளில் அதிகம், மாலையிலா இரவிலா என்று சொல்லுங்கள். தப்பிப்போனாலும் பரவாயில்லை, எண்ணை வைத்து முடிவெடுக்க எங்களுக்குத் தெரியும். காரைக்காலில் மழை மேகத்தைப் பார்க்கிற ரேடார் இருக்கிறது. பக்கத்திலேயே கண் இருந்தும் எங்களுக்கு வருவது சென்னையில் உட்கார்ந்து மாநிலம் முழுவதற்கும் எழுதிய ஒரே வரி.

இதற்கென்று ஓர் ஏற்பாடு இருந்ததே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஊராட்சி ஒன்றிய அளவில் விவசாயிக்கு வானிலை ஆலோசனை சொல்வதற்காக, நாடு முழுக்க 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் வேளாண் அறிவியல் நிலையங்களில் இயங்கின. செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை வரும். இன்று மருந்தடிக்காதே, அறுப்பைத் தள்ளிப்போடு என்று பயிரின் பெயரைச் சொல்லி வரும். 2024-ல் அவற்றை மூடிவிட்டார்கள். சரியில்லை என்றால் சரி செய்ய வேண்டும், ஆள் போதவில்லை என்றால் ஆள் போட வேண்டும். மூடுவதா வழி?

அந்த வெற்றிடத்தில் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கைப்பேசியைத் திறந்தால் டெல்டா மூழ்கப் போகிறது என்று சிவப்பு எழுத்தில் காணொளி. உள்ளே பத்து நிமிடம் பேசுகிறார், ஊரின் பெயர் ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்துப் பயந்து எங்கள் தெருவில் ஒரு மாமா முற்றாத உளுந்தைப் பிடுங்கிவிட்டார். மழை வரவில்லை. மணி சுருங்கிப்போனது. தொலைக்காட்சியிலோ, வெப்பம் தணியும், மக்களுக்கு மகிழ்ச்சிச் செய்தி என்று சிரித்த முகத்தோடு வாசிக்கிறார்கள். எந்த மக்களுக்கு? வேதாரண்யம் அகஸ்தியம்பள்ளியில் பாத்தியில் விளைந்த உப்பு ஒரே மழையில் கரைந்து ஓடும். பருத்தி போட்டவர்களுக்கு இளஞ்செடி தண்ணீரில் நின்று அழுகும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது குளிர்ச்சி. வெயிலில் அவதிப்படுகிறவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தச் செய்தியில் எங்களுக்கும் ஒரு வரி வேண்டாமா?

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்தபோது கதிர் சாய்ந்து, நெல் நனைந்து, 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நின்றன. அப்போது குழு வந்தது, கேமரா வந்தது. உளுந்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. அது நெல்லுக்குப் பின்னால் வருகிற பயிர். ஆனால் நெல் கடனை அடைத்ததுபோக வீட்டில் கையில் நிற்கும் காசு இந்த உளுந்துதான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதில்தான் இருக்கிறது.

இன்னும் நாலு மா வயலில் நிற்கிறது. இன்று நடந்து பார்த்தேன், கால் பட்டாலே நெத்து வெடிக்கிறது. பிடுங்க வரும் அக்கா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். "தம்பி, நாளைக்கு வரவா வேணாமா, ஒரு சொல்லாச் சொல்லு. இல்லேன்னா வேற வயலுக்குப் போறோம்." எட்டு மணிக்குள் சொல்கிறேன் என்றேன். இப்போது ஏழே முக்கால். அறிக்கையை ஐந்தாவது முறை திறந்து வைத்திருக்கிறேன். ஓரிரு இடங்களில், லேசானது முதல் மிதமானது.